போமட் அடிக்க முதல்: கொம்பியூட்டர் ஏன் இடைநடுவில் நின்றுபோகிறது?

போன ஆவணியில் ஒருநாள் பின்னேரம், கல்லடியில் என் வீட்டு வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. உள்ளே ஒரு அம்மா. மடியில் பழைய சாரத்தால் சுற்றிய சிபியூ பெட்டி. கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறார். காணிக் கடிதம், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று அந்தப் பக்கத்து டைப்பிங் வேலை எல்லாம் அவரிடம்தான் போகும்.

"ரெண்டு மாசத்துக்குள்ள மூண்டு தரம் போமட் அடிச்சாச்சு மனே. அடிச்சா ஒரு கிழமை நல்லா ஓடுது. பிறகு பழையபடி நீலமா வந்து நிண்டுருது. இப்ப நான் எழுதின கடிதமெல்லாம் இங்கிலீசு எழுத்தாத் தெரியுது."

கடைசியாகச் சொன்னதன் காரணம் பார்த்ததும் விளங்கியது. அவர் டைப் பண்ணுவது பாமினியில். பாமினியில் அடித்த ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கோப்புக்குள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கும். பாமினி எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். போமட் அடித்தவர் எழுத்துருவைத் திரும்பப் போடவில்லை. அது ஐந்து நிமிட வேலை. ஆனால் டெஸ்க்டொப்பில் வைத்திருந்த மகளின் சாமத்தியச் சடங்குப் படங்கள் முதலாவது போமட்டிலேயே போய்விட்டன. அவற்றை என்னால் மீட்க முடியவில்லை.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கொம்பியூட்டர் நின்றால் இரண்டு பேச்சுத்தான் கேட்கிறது: "வைரஸ்", "விண்டோஸ் மாத்திப் போடுங்க", அதாவது டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும் போமட். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எது எப்போது சரி என்று தெரியாமல் செய்யும்போது, குறை அப்படியே இருக்க, ஆட்களின் படமும் கடிதமும்தான் அழிகின்றன. அதனால் அடியிலிருந்து சொல்கிறேன்.

வட்டையும் வட்டவிதானையும்

வயல் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, வருகிறது. தன் வயல் வரம்பில் தண்ணீர் விடும் வக்கடையை வெட்டுவதும் அடைப்பதும் வயல்காரர் பாடு. ஆனால் துருசில், அதாவது குளத்து மதகில், அவர் கை வைக்க முடியாது. தண்ணீர் வேண்டுமென்றால் வட்டவிதானையிடம் சொல்ல வேண்டும். யாருக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்து விடுவது அவர் வேலை.

கொம்பியூட்டருக்குள்ளும் இதே ஏற்பாடு. வேர்ட், குரோம், நீங்கள் விளையாடும் கேம் எல்லாம் வயல்காரர்கள். ஹாட் டிஸ்க், ராம், திரை, கீபோர்ட் ஆகியவை குளமும் வாய்க்காலும். எந்தப் புரோகிராமும் நேராகப் போய் டிஸ்கில் எழுத முடியாது. நடுவில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். அந்த நடுவில் இருப்பதுதான் ஒப்பரேட்டிங் சிஸ்டம். எங்கள் பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்தது. விண்டோஸ் அதில் ஒரு வகை. அதன் மையமான, துருசுச் சாவி கையில் இருக்கிற பகுதியைக் கேர்னல் என்பார்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும்: டிரைவர். வட்டவிதானை எல்லாத் துருசையும் தானே திறப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையாள் வைத்திருப்பார். பிரின்டருக்கு, வைஃபைக்கு, கிராபிக்ஸ் கார்ட்டுக்கு என்று அந்தந்தச் சாமானைச் செய்த கம்பனியே எழுதிக் கொடுக்கும் சிறிய மென்பொருள்தான் டிரைவர். அவற்றில் பல, கேர்னலோடு சேர்ந்து அதே அதிகாரத்தில் ஓடுபவை.

இப்போது பிழை விடுகிறவர் யார் என்று பாருங்கள். ஒரு வயல்காரர் பிழை விட்டால் அவர் வயல்தான் கெடும். குரோம் பதில் சொல்லாமல் நின்றால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடுகிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது. துருசுக்காரர் பிழை விட்டால் முழு வட்டைக்கும் ஆபத்து. கேர்னலுக்குள்ளே பிழை நடந்துவிட்டால், நினைவகத்தில் இருக்கும் எதையும் இனி நம்ப முடியாது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால் டிஸ்கில் தவறான எழுத்துகளை எழுதி, நல்ல கோப்புகளையும் கெடுத்துவிடும். அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் அதே இடத்தில் நிறுத்தி, என்ன நடந்தது என்று ஒரு குறிப்பை டிஸ்கில் எழுதிவிட்டு, மீண்டும் தொடங்குகிறது. நாம் பார்க்கும் நீலத்திரை அதுதான். விண்டோஸ் 11 இல் 2025 இல் அதைக் கறுப்பாக மாற்றினார்கள், வேலை அதேதான்.

ஆக, நீலத்திரை வருவது குளம் உடையாமல் துருசை இறக்குவது. ஏன் இறக்கினார்கள் என்பதைத்தான் தேட வேண்டும்.

85 இலட்சம் நீலத்திரைகள்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுதும் விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் ஒரே நாளில் நீலத்திரை வந்ததே, நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள்க் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் வந்தது. அந்தக் கம்பனி மென்பொருளின் டிரைவர் கேர்னல் மட்டத்தில் ஓடுவது. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசொஃப்ட் சொன்னது.

அவற்றைச் சரிசெய்ய அவ்வளவையும் போமட் அடிக்க வேண்டியிருக்கவில்லை. சேஃப் மோடில் போய், பிழையான அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். விண்டோஸ் பழையபடி எழும்பியது. சேஃப் மோட் என்றால், அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் எழும்பும் முறை. கையாட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வட்டவிதானை தனியே நிற்பது மாதிரி. சேஃப் மோடில் நிற்காமல் ஓடி, சாதாரணமாக ஓடும்போது மட்டும் நிற்கிறதென்றால் பெரும்பாலும் ஒரு டிரைவரிலோ புதிதாகப் போட்ட மென்பொருளிலோதான் குறை இருக்கும்.

போமட் எதை மாற்றுகிறது?

எல்லாக் குழப்பமும் இந்த இடத்தில்தான். விண்டோஸைப் புதிதாகப் போடுவது என்றால் டிஸ்கில் எழுதியிருப்பதை அழித்துப் புதிதாக எழுதுவது. அவ்வளவுதான். புது வட்டவிதானையும் புதுக் கையாட்களும் வருவார்கள். குளக்கட்டில் வெடிப்பு இருந்தால் அது அப்படியே இருக்கும்.

பிறகு ஏன் போமட் அடித்ததும் ஒரு கிழமை நன்றாக ஓடுகிறது? புது விண்டோஸில் ஓடும் புரோகிராம்கள் குறைவு. ராமின் கெட்ட மூலைக்கு வேலை போகாமல் இருக்கும், சூடும் குறைவு. பாவிக்கப் பாவிக்கப் பழைய குறை வெளியே வருகிறது. அந்த ஒரு கிழமை எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

எந்த நேரத்தில் நிற்கிறது?

என்னிடம் யாரும் கொம்பியூட்டர் கொண்டுவந்தால் முதலில் கேட்பது இதைத்தான். எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது, நீலத்திரை வந்தா, வராமலா? ஒரு கொப்பியில் நாலு தரம் எழுதி வைத்தாலே பாதி விடை வந்துவிடும். விண்டோஸும் தன் பங்குக்கு எழுதி வைக்கிறது. ஸ்டார்ட்டில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி வரும். எந்த நாளில் எது நின்றது என்று நாட்காட்டி போலக் காட்டும், சிவப்புப் புள்ளடியோடு.

வெயிலில் நிற்பது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கத்தில் நிழலிலேயே வெக்கை தாங்க முடியாது. செயலியின் சூடு ஏறத்தாழ 100 பாகைக்குப் போனால் அது தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் எரியாமல் இருப்பதற்காக முழு இயந்திரமும் பட்டென்று அணைந்துவிடும். நீலத்திரை வராது. மத்தியானத்தில் அணைந்து, இரவில் நன்றாக ஓடினால் முதலில் விசிறியைப் பாருங்கள். லப்டொப்பை மெத்தையில் வைத்துப் பாவிப்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. தூசு தட்டி, செயலிக்கு மேலே காய்ந்துபோன பேஸ்டைப் புதிதாகப் பூசினால் பெரும்பாலும் சரி.

கரண்டால் நிற்பது. நம் மின்சாரம் 230 வோல்ட். பின்னேரத்தில் எல்லா வீட்டிலும் மோட்டரும் ஃபேனும் ஓடும்போது அது இறங்கும். மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வேறு. கேம் விளையாடும்போதோ வீடியோ எடிட் பண்ணும்போதோ பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளை களைத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். இந்த இடத்தில் ஒரு தவறான பேச்சு உலாவுகிறது. விண்டோஸ் நடந்ததை எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 என்று ஒரு வரி இருக்கும். அதைக் கண்டதும் கேர்னல் கெட்டுவிட்டது என்று போமட் அடிக்கிறார்கள். அந்த வரி முக்கியமாகச் சொல்வது, போனமுறை ஒழுங்காக அணைக்கப்படாமல் நின்றுவிட்டது என்பதை. காரணம் எது என்று பெரும்பாலும் அது சொல்வதில்லை.

ராமால் நிற்பது. இதைத்தான் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் மென்பொருள்க் குறை மாதிரி வேடம் போடுவது இதுதான். ராம் என்பது வேலை நடக்கும்போது மட்டும் எழுதி அழிக்கும் கரும்பலகை. 8 ஜிபி ராமில் 6,800 கோடிக்கு மேற்பட்ட சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்று அல்லது பூச்சியம். அதில் ஒரே ஒரு கட்டம் எழுதியதை மாற்றிக் காட்டினால் போதும். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் படம் இருந்தால் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. வைஃபை டிரைவர் இருந்தால் வைஃபை டிரைவரில் பிழை என்று நீலத்திரை வரும். நாளைக்குக் கேர்னலே இருந்தால் வேறு பெயரில் வரும். அதனால்தான் ஒவ்வொரு தரமும் வேறு வேறு பிழைப்பெயர் வந்தால் நான் ராமை நினைக்கிறேன். ஒவ்வொரு தரமும் ஒரே பெயர், ஒரே டிரைவர்க் கோப்பு என்றால் அந்த டிரைவரைத்தான் பார்ப்பேன்.

இன்னும் ஒன்று. விண்டோஸைப் போடும்போது பென் டிரைவிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பும் ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. ராம் கெட்டிருக்கும்போது போமட் அடித்தால், பிறக்கும்போதே ஊனமான விண்டோஸ் ஒன்றுதான் கிடைக்கலாம்.

டிஸ்கால் நிற்பது. ஒரு கோப்பைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்பது, ஹாட் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம், விண்டோஸ் எழும்ப வரவர நேரமெடுப்பது. டிஸ்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்து வைக்கும். அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதை வாசித்து நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். மஞ்சளோ சிவப்போ என்றால் வேறு எதையும் செய்ய வேண்டாம். முதலில் படங்களையும் கடிதங்களையும் வெளியே எடுங்கள். சாகப்போகிற டிஸ்கில் போமட் அடித்தால் பல ஜிபி புதிதாக எழுத வைக்கிறோம். மிச்சமிருந்த உயிரும் அதில் போய்விடும்.

இதுவரை சொன்னதைக் கையில் பிடிக்க: பட்டென்று அணைந்தால் சூடு அல்லது கரண்ட், விதவிதமான பெயரில் நீலத்திரை என்றால் ராம், உறைந்து உறைந்து போனால் டிஸ்க், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவர். விதிவிலக்கு இல்லாமல் இல்லை, ஆனால் தேடத் தொடங்கும் இடம் இதுதான்.

விண்டோஸ் இல்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பது

வட்டவிதானையில் பிழையா, வாய்க்காலில் பிழையா என்று தெரிய வேண்டுமென்றால் வேறொரு வட்டவிதானையை ஒரு நாளைக்கு நிறுத்திப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற கருவியால் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை எழுதி, அதிலிருந்து கொம்பியூட்டரை எழுப்புங்கள். இன்ஸ்டோல் என்பதைத் தொடாதீர்கள். பரீட்சித்துப் பார்க்கும் தெரிவிலேயே நில்லுங்கள். டிஸ்கில் எதையும் எழுதாமல் ராமிலேயே ஓடும். இரண்டு மணித்தியாலம் யூடியூப் ஓடவிடுங்கள். அங்கேயும் நின்றால் விண்டோஸில் பழி இல்லை. எத்தனை தரம் போமட் அடித்தாலும் தீராது. அங்கே நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் விண்டோஸ், டிரைவர், டிஸ்க் மூன்றில் ஒன்று. இந்தச் சோதனையில் டிஸ்குக்கு வேலை இல்லையென்பதால் அதை ஸ்மார்ட் வைத்துத் தனியே பார்க்க வேண்டும்.

ராமைத் தனியாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 இருக்கிறது. அதுவும் பென் டிரைவிலிருந்தே ஓடும். படுக்கப்போகும்போது போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். "ஒண்டுதானே" என்று விட வேண்டாம்.

மென்பொருள்தான் என்று தெரிந்த பிறகு

அப்போதும் நேராகப் போமட்டுக்குப் போக வேண்டியதில்லை. குறை தொடங்கிய நாளில் என்ன போட்டீர்கள் என்று ரிலையபிலிட்டி ஹிஸ்டரியில் பாருங்கள். அதை எடுத்துவிடுங்கள், அல்லது டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் எஸ்எஃப்சி என்ற கட்டளை அவற்றைத் தேடித் திருத்தும். டிஸம் என்ற இன்னொன்று எஸ்எஃப்சி எடுத்துப் பாவிக்கும் நல்ல பிரதிகளையே சீர்செய்யும். டிஸத்தை முதலில், எஸ்எஃப்சியைப் பிறகு ஓடவிடுவது என் வழக்கம்.

அதற்கும் சரிவராவிட்டால் விண்டோஸை அதற்கு மேலேயே திரும்பப் போடலாம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்குள்ளிருந்து மைக்ரோசொஃப்ட்டின் செட்டப்பைத் திறந்து, கோப்புகளையும் அப்ளிகேஷன்களையும் வைத்துக்கொள் என்று தெரிவு செய்வது. வீட்டுச் சாமானை அசைக்காமல் கூரையை மட்டும் மாற்றுவது மாதிரி. பாமினியும் இருக்கும், படமும் இருக்கும். இந்த வழியைக் கடைகளில் யாரும் சொல்லாதது எனக்கு மனவருத்தம்.

ரீசெட் என்பது அடுத்த படி. அதில் என் கோப்புகளை வைத்துக்கொள் என்று கொடுத்தாலும், நீங்களாகப் போட்ட மென்பொருள் எல்லாம் போய்விடும். எல்லாவற்றையும் துடைத்து வெறும் டிஸ்கில் போடுவதுதான் நம்மவர்கள் சொல்லும் போமட்.

போமட் அடிக்கத்தான் வேண்டும் என்றால்

அடிக்க வேண்டிய நேரமும் உண்டு. உண்மையிலேயே தீம்பொருள் புகுந்து, கடவுச்சொற்களை எடுக்கிறது என்று தெரிந்தால் தயங்க வேண்டாம். துடைத்துவிட்டுப் போடுவதே நிம்மதி. புது டிஸ்க் மாற்றினாலும் அப்படித்தான். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டதால், எப்படியும் வேறொன்றுக்கு மாறப்போகிறவர்கள் அந்தச் சந்தர்ப்பத்திலேயே புதிதாகப் போடலாம்.

ஆனால் முதலில் பிரதி. டொகியூமன்ட்ஸ் மட்டும் போதாது; டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், குரோமின் புக்மார்க்குகள், வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கியவை, விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டர். டைப்பிங் வேலை செய்பவர்கள் கடைசியாகச் சொன்னதை மறந்தால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தீர்கள். சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்கான எஸ்எஸ்டி உள்ள இயந்திரமென்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அழித்த இடத்தை எஸ்எஸ்டி தானாகவே துப்புரவாக்கிவிடுவதால், பழைய ஹாட் டிஸ்கில் போல அழிந்ததை மீட்பது ஏறத்தாழ நடக்காத காரியம்.

புதிய லப்டொப்புகளில் பிட்லொக்கர் என்று ஒரு பூட்டு இருக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்ளே போனதும் பலவற்றில் அது தானாகவே விழுந்துவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாது. விண்டோஸுக்கும் முதல் எழும்பும் மதர்போர்ட்டின் அமைப்பான பயோஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கலாம். அது இல்லாவிட்டால் உங்கள் சொந்தப் படமே உங்களுக்குத் திறக்காது. எந்த வேலை தொடங்கவும் முதல், மேலே சொன்ன பென் டிரைவ்ச் சோதனைக்கும் முதல், மைக்ரோசொஃப்ட் கணக்கில் போய் அந்த 48 இலக்கத்தைக் கடதாசியில் எழுதி வையுங்கள்.

விண்டோஸை மைக்ரோசொஃப்ட்டின் தளத்திலிருந்தே இறக்குங்கள். யாரோ வெட்டி ஒட்டிய விண்டோஸ் கைமாறிக் கைமாறி ஒரு பென் டிரைவில் வந்திருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. உங்கள் கொம்பியூட்டரில் உரிமத்தோடு விண்டோஸ் ஓடியிருந்தால், பெரும்பாலும் அந்த உரிமம் மதர்போர்ட்டோடு பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் காசு கட்டாமலே தானாக ஏற்றுக்கொள்ளும்.

அந்த அம்மாவின் பெட்டி

லினக்ஸ் மின்டில் எழுப்பி இருபது நிமிடத்தில் அதுவும் உறைந்தது. இரவு மெம்டெஸ்ட் போட்டேன். விடியப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். வயரைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திறந்தேன். இரண்டு ராம், ஒவ்வொன்றும் 4 ஜிபி. பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்களில் கறுப்பும் பச்சையுமாகக் களிம்பு. கடை கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்று செய்த வேலை அது. பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசைத் தட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுத் திரும்பவும் சோதித்தேன். ஒன்று ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. மற்றது தேய்த்த பிறகும் பிழைதான் காட்டியது. அதை வெளியே எடுத்து வைத்தேன்.

அதன் பிறகுதான் கோப்புகளையும் எழுத்துருக்களையும் பிரதியெடுத்துவிட்டு, நாலாவது தரம் நானே போமட் அடித்தேன். முன்னே போட்ட மூன்றும் அந்தக் கெட்ட ராம் வழியாக எழுதப்பட்டவை. அவற்றை நம்பி விட மனமில்லை.

வந்து எடுத்துப்போகும்போது கழற்றி வைத்த ராமைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தச் சீப்புத் துண்டுக்கா மனே என்ட புள்ளைட படமெல்லாம் போனது?" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. மாரி கழிந்து இப்போது தையும் வந்துவிட்டது. பெட்டி நிற்கவில்லை.